பிழைத்த நீலப்புறாவும் அழிந்த நீலப்புறாவும்

மேற்கு இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கரிலும் அதனைச் சுற்றியுள்ள தீவுகளிலும் மட்டுமே காணப்படும் ஒரு சிறு பறவைக் குழுவுக்கு நீலப்புறாக்கள் என்று பெயர். அறிவியலார் இவற்றை அலெக்ட்ரோயினஸ் என்ற பேரினத்தில் வைத்திருக்கிறார்கள். இப்பேரினத்தில் ஐந்து இனங்கள் அறியப்பட்டுள்ளன. மடகாஸ்கரில் வாழ்வது ஒன்று, கொமோரோ தீவுகளிலும் அல்டாப்ரா பவளத்தீவிலும் வாழ்வது ஒன்று, சேஷெல்ஸின் கருங்கல் தீவுகளில் வாழ்வது ஒன்று. இம்மூன்றும் இன்றும் பறந்துகொண்டிருக்கின்றன. மொரீஷியஸ், ரொட்ரீக் தீவுகளில் இருந்த மற்ற இரண்டும் அழிந்துவிட்டன. ரொட்ரீக் புறாவை எலும்பு எச்சத்தைக் கொண்டு 2011-இல்தான் அடையாளம் கண்டார்கள் என்பதால் அதைப் பற்றிப் பேசுவதற்கு அதிகமில்லை. மொரீஷியஸ் புறாவின் நிலை வேறு. அதை உயிருடன் பார்த்தவர்கள் எழுதிய குறிப்புகளும், வரைந்த படங்களும், பஞ்சடைத்துப் பாதுகாத்த உடல்களும் நம்மிடம் உள்ளன. எனவே சேஷெல்ஸ் நீலப்புறாவையும் மொரீஷியஸ் நீலப்புறாவையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுள்ளதாக இருக்கும்.

இப்படி ஒப்பிடுவதால் என்ன கிடைக்கும் என்பதை முதலில் சொல்லிவிடலாம். நெருங்கிய உறவுள்ள இரண்டு இனங்கள் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை என்பதால் உடலமைப்பு, உணவு, கூடு கட்டும் முறை, இனப்பெருக்க வேகம் ஆகியவற்றில் பெரும்பகுதியைப் பொதுவாகக் கொண்டிருக்கும். அப்படிப்பட்ட இரண்டில் ஒன்று பிழைத்து மற்றொன்று அழிந்திருந்தால், இரண்டுக்கும் பொதுவான இயல்பு எதையும் அந்த வேறுபாட்டுக்குக் காரணமாகக் காட்ட முடியாது. "அது மிகவும் மந்தமான பறவை, ஆகவே அழிந்தது" என்று சொல்பவரிடம், அதே அளவு மந்தமான அதன் உறவுப் பறவை ஏன் அழியவில்லை என்று திருப்பிக் கேட்கலாம். காரணத்தைப் பறவைக்கு வெளியே, அவை வாழ்ந்த தீவுகளின் வரலாற்றில் தேட வேண்டியிருக்கும். ஒப்பீட்டின் முதல் பயன் இது. உயிரோடிருக்கும் இனத்தின் நடத்தையைக் கொண்டு அழிந்த இனத்தின் வாழ்க்கையை ஓரளவு ஊகிக்க முடிவது இரண்டாவது பயன். இரண்டாவதில் வழுக்கி விழ வாய்ப்பு அதிகம். அதைப் பின்னர் பார்க்கலாம்.

பழப்புறா என்றால் என்ன என்பதையும் தெளிவாக்கிக்கொள்வோம். மாடப்புறாவும் மணிப்புறாவும் தரையில் நடந்து தானியத்தைப் பொறுக்குபவை. பழப்புறாக்கள் மரத்தின் மேலேயே வாழ்ந்து, பழங்களைக் கடிக்காமலும் கொத்தாமலும் முழுதாக விழுங்குபவை. நம் ஊர் ஆலமரங்களிலும் அரசமரங்களிலும் பழக் காலத்தில் கூட்டமாக வந்திறங்கும் பச்சைப்புறாவைப் பார்த்தவர்களுக்கு இந்த வாழ்க்கைமுறை புதிதல்ல. எனினும் நீலப்புறாக்களுக்கு மிக நெருங்கிய சொந்தம் அந்தப் பச்சைப்புறா அன்று. ஆஸ்திரேலியா, நியூகினி, பசிபிக் தீவுகள் பக்கம் பரவியுள்ள வண்ணப் பழப்புறாக்களே அவற்றின் உறவினர்கள் என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. அத்தனை பெரிய கடலைக் கடந்து ஒரு புறாக் குடும்பம் மடகாஸ்கர் பக்கம் வந்து சேர்ந்தது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் தீவு விட்டுத் தீவு தாவுவதில் புறாக்கள் கைதேர்ந்தவை. மொரீஷியஸின் புகழ்பெற்ற டோடோவும் பறக்கும் திறனை இழந்த ஒரு புறாதான். வாழும் பறவைகளில் அதற்கு மிக நெருங்கியது நம் நிக்கோபார் தீவுகளிலும் வாழும் நிக்கோபார் புறா என்று 2002-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது.

இனி இரு பறவைகளின் தோற்றம். சேஷெல்ஸ் நீலப்புறா ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் நீளமுள்ளது. முதுகும் இறக்கையும் வாலும் கருநீலம். தலையின் பக்கங்களும் கழுத்தும் மார்பும் வெள்ளி கலந்த சாம்பல் நிறம். நெற்றியிலிருந்து உச்சந்தலை வரை இறகில்லாத, பருக்கள் நிறைந்த, பளிச்சென்ற சிவப்புத் தோல். மொரீஷியஸ் நீலப்புறா இதைவிடப் பெரியது, ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். அதற்கும் உடல் நீலம், முகத்தில் இறகில்லாத சிவப்புத் தோல். ஆனால் அதன் வால் சிவப்பு. தலையையும் கழுத்தையும் மார்பையும் மூடியிருந்தவை வெண்மையான, நீண்ட, நுனி கூர்மையான இறகுகள். சேவலின் கழுத்தில் தொங்கும் இறகுகளைப் போன்ற அவற்றை வேண்டும்போது சிலிர்த்துக்கொள்ளவும் அப்பறவையால் முடிந்தது. இது வெறும் ஊகமன்று. 1790-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நெதர்லாந்தின் ஹேக் நகரில், இளவரசர் ஐந்தாம் வில்லியமின் விலங்குக் காட்சியகத்தில் இப்புறா ஒன்று உயிரோடு இருந்தது. அதை ஹாஸ்ப்ரூக் என்ற ஓவியர் வரைந்த படத்தில் கழுத்திறகுகள் விரிந்து முகத்தைச் சூழ்ந்து நிற்கின்றன. பஞ்சடைத்த உடலில் இந்த இறகுகள் படிந்து கிடக்கும். அதைக் கொண்டு மட்டும் பார்த்தால் இந்தச் சிலிர்ப்பை யாரும் எண்ணிப் பார்த்திருக்க முடியாது.

சிவப்பு, வெள்ளை, நீலம் என்ற மூன்று நிறங்களும் நெதர்லாந்துக் கொடியின் நிறங்கள் என்பதால் மொரீஷியஸில் பிரெஞ்சுக்காரர்கள் இதை "ஹாலந்துப் புறா" என்றே அழைத்தார்கள். சேஷெல்ஸ் மக்கள் தங்கள் கிரியோல் மொழியில் தங்கள் புறாவை இன்றும் "பிசோன் ஓலாந்த்" என்கிறார்கள்; பொருள் அதேதான். இறந்துபோன அண்ணனின் பெயரைத் தம்பி சுமந்துகொண்டிருக்கிறான்.

மொரீஷியஸ் புறாவின் பஞ்சடைத்த உடல்கள் உலகில் மூன்று மட்டுமே உள்ளன: ஒன்று பாரிஸில், ஒன்று எடின்பரோவில், ஒன்று மொரீஷியஸின் தலைநகரான போர்ட் லூயியில். பாரிஸில் இருப்பதைச் சேகரித்தவர் பியேர் சோன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர். 1782-இல் வெளியான தம் கீழைநாட்டுப் பயண நூலில் அவர் இப்பறவையை விவரித்தார். அதை அடிப்படையாகக் கொண்டு 1786-இல் ஸ்கோபோலி என்ற அறிஞர் அறிவியல் பெயர் சூட்டினார். அதே ஆண்டில் அதே ஸ்கோபோலிதான் சேஷெல்ஸ் புறாவுக்கும் பெயர் சூட்டினார். ஓர் இடைக்குறிப்பு: சோன்னெரா தமிழகத்துக்கு அந்நியரல்லர். புதுச்சேரியில் வாழ்ந்த அவர் சோழமண்டலக் கடற்கரையைப் பற்றி அதே நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழி தன் அறிவியல் பெயரில் அவருடைய பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

அழிந்த பறவை என்ன தின்றது என்ற கேள்விக்கு வருவோம். சேஷெல்ஸ் நீலப்புறாவின் உணவு பழம். காட்டு அத்தி வகைகளோடு, மனிதன் கொண்டுவந்து நட்ட கொய்யாவையும், மனோரஞ்சிதக் குடும்பத்தைச் சேர்ந்த யிலாங்-யிலாங் என்ற வாசனை மரத்தின் பழங்களையும் அது தின்கிறது. மொரீஷியஸ் புறாவும் பழமுண்ணியே என்று இதிலிருந்து ஊகிக்கலாம். அந்த ஊகத்துக்கு நேரடிச் சான்றும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் கொசிஞி என்பவர் இப்பறவை ஒன்றை அறுத்துப் பார்த்தார். உணவை அரைக்கும் அதன் தசைப்பைக்குள் நான்கு கொட்டைகள் இருந்தன. அவை நம் புன்னைக்கு உறவான ஒரு மரத்தின் விதைகளாகவோ, இலுப்பைக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் உள்ளூர் மரத்தின் விதைகளாகவோ இருக்கலாம் என்று அவரிடம் சொன்னார்கள். இரண்டுமே பெரிய விதையுள்ள காட்டு மரங்கள். முப்பது சென்டிமீட்டர் பறவை அத்தகைய கொட்டைகள் நான்கை ஒன்றாக வைத்திருந்தது என்றால், அதன் வாய் எவ்வளவு விரிந்து கொடுத்திருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் 1812-இல் மில்பேர் என்பவர் எழுதிய குறிப்பு வேறு ஒன்றையும் சொல்கிறது. இப்புறா ஆற்றங்கரைகளில் தனியாக வாழ்ந்து, பழங்களோடு நன்னீர் நத்தைகளையும் மட்டிகளையும் தின்றது என்கிறார் அவர். மரத்தின் உச்சியில் வாழும் பழப்புறா ஆற்றுக்கு இறங்கி நத்தை தின்னுமா? உறவுப் பறவைகளை மட்டும் அளவுகோலாக வைத்தால் இதைப் பிழையென்று ஒதுக்கிவிடத் தோன்றும். என் கருத்தில் அப்படி உடனே ஒதுக்குவது தவறு. வேறு புறாக்களில் சில, முட்டை ஓட்டுக்குத் தேவையான சுண்ணாம்புச் சத்துக்காக நத்தைகளை உண்பது தெரிந்த செய்திதான். மில்பேர் பிறர் சொல்லக் கேட்டு எழுதியிருக்கவும் கூடும். உறவினரின் பழக்கத்தை அழிந்தவர் மீது ஏற்றிச் சொல்லும்போது, அழிந்தவருக்கே உரிய தனிப் பழக்கங்கள் அனைத்தும் நம் கணக்கிலிருந்து விடுபட்டுப் போகின்றன என்பதற்கு இந்தக் குறிப்பு நல்ல எடுத்துக்காட்டு.

இனப்பெருக்கத்தைப் பொறுத்தவரை அவ்வளவு ஐயமில்லை. பழப்புறாக்கள் பெரும்பாலும் மரக்கிளையில் சில குச்சிகளைப் பரப்பி, அடியிலிருந்து பார்த்தால் வெளிச்சம் தெரியுமளவுக்கு மெல்லிய கூடு கட்டி, ஒரு தடவைக்கு ஒரே ஒரு முட்டையை இடுபவை. மொரீஷியஸ் புறாவும் இவ்வழக்கத்திலிருந்து பெரிதாக விலகியிருக்க வாய்ப்பில்லை. ஒரே முட்டை என்றால் ஒவ்வொரு கூட்டு இழப்பும் அந்த முயற்சியின் முழு இழப்பு. ஆண்டுதோறும் சுடப்படும் பறவைகளின் எண்ணிக்கையை இத்தகைய இனம் விரைவில் ஈடுகட்டாது. இந்தப் பலவீனம் இரண்டு புறாக்களுக்கும் பொது. எனவே நாம் முன்பு சொன்ன விதிப்படி, இதை மட்டும் வைத்து ஒன்றின் அழிவை விளக்க முடியாது.

அப்படியானால் தீவுகளைப் பார்க்க வேண்டும். மொரீஷியஸில் டச்சுக்காரர்கள் 1598-இல் இறங்கினார்கள்; 1638-இல் குடியேறினார்கள்; கருங்காலி மரங்களை வெட்டி ஏற்றுமதி செய்தார்கள்; 1710-இல் தீவைக் கைவிட்டுப் போனார்கள். 1601 முதல் 1603 வரை பயணம் செய்த கெல்டர்லாந்து என்ற கப்பலின் நாட்குறிப்பில் இப்புறாவின் படங்கள் உள்ளன. இப்பறவையின் மிகப் பழைய சித்திரங்கள் அவையே. கப்பல்களோடு கருப்பு எலிகள் வந்தன. அதைவிட முக்கியமாக, தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த நீள்வால் குரங்கு 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அத்தீவில் விடப்பட்டு, காடெங்கும் பெருகிவிட்டது. பிறகு பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். 1721 முதல் அவர்களுடைய குடியேற்றம் நிலைபெற்றது. 1810-இல் தீவு பிரிட்டிஷாரின் கைக்கு மாறியது. 1825-இல் பிரிட்டன், மொரீஷியஸ் சர்க்கரைக்கான இறக்குமதி வரியை மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரைக்குரிய வரியோடு சமப்படுத்தியது. அதன்பின் கரும்புத் தோட்டங்கள் வேகமாக விரிந்தன, காடுகள் அழிந்தன. அந்தத் தோட்டங்களில் வேலை செய்வதற்காகத்தான் 1834 முதலான ஆண்டுகளில் இந்தியர்கள், அவர்களுள் தமிழர்களும், ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள்.

புறாவின் கடைசிக் காலமும் அதே ஆண்டுகளில்தான் வருகிறது. போர்ட் லூயியில் உள்ள உடல் 1826-இல் சுடப்பட்ட பறவையினுடையது. தீவின் நடுப்பகுதியில் எளிதில் போக முடியாத காடுகளில் இன்னும் சில எஞ்சியிருப்பதாக ஜூலியன் தேழார்தேன் என்ற உள்ளூர் இயற்கையியலாளர் 1832-இல் எழுதினார். 1837-க்குப் பின் நம்பத்தகுந்த செய்தி இல்லை. இன்று மொரீஷியஸில் நல்ல நிலையில் எஞ்சியுள்ள இயற்கைக் காடு தீவின் மொத்தப் பரப்பில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு.

சேஷெல்ஸின் கதை தாமதமாகத் தொடங்குகிறது. அங்கே நிலையான குடியேற்றம் 1770-இல்தான் ஏற்பட்டது. அதாவது மொரீஷியஸில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் மனிதன் கை வைத்த பிறகு. தாமதம் என்பதால் அங்கே சேதம் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. மரம் வெட்டினார்கள், தென்னந்தோப்புகள் போட்டார்கள், புறாவைச் சுட்டுத் தின்றார்கள். இலங்கையின் இலவங்கப்பட்டை மரத்தை 18-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து நட்டார்கள். பழந்தின்னும் பறவைகள் விதையைப் பரப்பியதால் அது மாஹே தீவின் மலைச்சரிவுகளை மூடிக்கொண்டது. மலைகளில் பழைய காடு பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் ஏதோ ஒரு காடு இருந்தது. புறாவுக்கு இந்த வேறுபாடு பெரிது. காடு கலப்படமானால் அதற்குச் சோறு மாறும், அவ்வளவுதான். காடு கரும்பு வயலானால் சோறே இல்லை. ஒரு காலத்தில் எண்ணிக்கை குறைந்து சில தீவுகளிலிருந்து மறைந்தும் போன இப்பறவை, வேட்டை தணிந்து, கைவிடப்பட்ட தோப்புகளில் மரங்கள் மீண்டும் வளர்ந்தபோது பழைய இடங்களுக்குத் தானே திரும்பியது. 1968-இல் பறவைப் பாதுகாப்புக்காக விலைக்கு வாங்கப்பட்ட கசின் என்ற சிறு தீவும், அதுபோலவே காப்பகமாக்கப்பட்ட அரீத் தீவும் அவற்றுள் அடங்கும். இன்று உலகப் பாதுகாப்புப் பட்டியலில் இப்புறா கவலை மிகக் குறைந்த இனங்களின் வரிசையில் இருக்கிறது.

இப்போது காரணங்களைச் சலித்துப் பார்க்கலாம். எலி மட்டுமே குற்றவாளியாக இருந்திருந்தால் சேஷெல்ஸ் புறாவும் போயிருக்க வேண்டும். ஏனெனில் மாஹே, பிராலின், சிலூவெத் ஆகிய பெரிய தீவுகளில் எலிகள் நெடுங்காலமாக உள்ளன, புறாவும் உள்ளது. வேட்டை இரண்டு இடங்களிலும் நடந்தது. காடழிப்பும் இரண்டிலும் நடந்தது, ஆனால் அளவில் வேறுபட்டது: மொரீஷியஸின் சரிவு குறைந்த நிலம் கரும்புக்குப் பொருந்தியது, மாஹேயின் செங்குத்தான கருங்கல் மலைகள் பொருந்தவில்லை. குரங்கு மொரீஷியஸில் உண்டு, சேஷெல்ஸில் இல்லை. இது எனக்கு மிகவும் கனமான சான்றாகத் தோன்றுகிறது. எலியால் கிளையில் உள்ள கூட்டை அடைய முடியும் என்றாலும், பகலில் கூட்டமாக மரமேறி, கூடு கூடாகத் தேடித் தின்பதில் குரங்குக்கு நிகரில்லை. மொரீஷியஸில் எஞ்சியுள்ள அரிய பறவைகளின் கூடுகளை அது இன்றும் சூறையாடி வருகிறது. அதோடு அது பழங்களைப் பழுக்கும் முன்பே பறித்துப் போடுவதால் பழமுண்ணிகளுக்கு நேரடிப் போட்டியும் ஆகிறது.

கடைசியாகத் தீவுகளின் எண்ணிக்கை. சேஷெல்ஸில் ஏறத்தாழ நாற்பது கருங்கல் தீவுகள் அருகருகே உள்ளன. ஒன்றில் புறா அழிந்தாலும் அடுத்த தீவிலிருந்து பறந்து வந்து மீண்டும் குடியேற முடிந்தது. மொரீஷியஸ் புறாவுக்கு அத்தகைய மறுவாய்ப்பு இல்லை. தீவு பெரியது, ஏறத்தாழ 1,865 சதுர கிலோமீட்டர். மாஹேயின் பரப்போ சுமார் 157 சதுர கிலோமீட்டர்தான். பெரிய தீவில்தான் இனம் பாதுகாப்பாக இருக்கும் என்பது பொதுவாகச் சரியான விதி. இங்கே அது தலைகீழாகிவிட்டது. ஒரே பெரிய தீவில் எலியும் குரங்கும் பூனையும் துப்பாக்கியும் ஒரு மூலையில் புகுந்தால் எல்லா மூலைகளையும் அடைந்துவிடும். நடுவில் கடல் இல்லை.

இந்த விளக்கத்துக்குக் குறுக்கே நிற்கும் ஒரு பறவையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே மொரீஷியஸில், அதே குரங்குகளுக்கும் எலிகளுக்கும் நடுவில், இளஞ்சிவப்புப் புறா என்ற மற்றொரு புறா அழியாமல் தாக்குப்பிடித்தது. 1990-களின் தொடக்கத்தில் காட்டில் சுமார் பத்துப் பறவைகளே மிஞ்சியிருந்த நிலையிலிருந்து, கூண்டில் இனப்பெருக்கம் செய்து காட்டில் விட்டதன் மூலமும் கூடுதல் தீனி வைத்ததன் மூலமும் அதைச் சில நூறாக உயர்த்தியிருக்கிறார்கள். அது பழப்புறாக் குழுவைச் சேர்ந்ததன்று. தரையிலும் இரை தேடும், இலை, மொட்டு, பூ, விதை என்று பலவற்றையும் தின்னும். ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு மரத்தில் பழம் இருந்தே ஆகவேண்டும் என்ற நிலையிலிருந்த நீலப்புறாவுக்குத் துண்டு துண்டான காடு போதாமல் போனதும், எதையும் தின்னக்கூடிய இளஞ்சிவப்புப் புறாவுக்கு அது நூலிழையில் போதுமானதாக இருந்ததும் இதற்கு விடையாக இருக்கலாம். ஆக, ஒரே தீவின் இரு புறாக்களை ஒப்பிட்டால் உணவுப் பழக்கம் முக்கியமாகிறது. இரு தீவுகளின் நீலப்புறாக்களை ஒப்பிட்டால் தீவின் வரலாறு முக்கியமாகிறது. எதை எதோடு வைத்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தே விடையும் அமைகிறது.

உயிரோடிருக்கும் உறவினரை அழிந்தவரின் இடத்தில் கொண்டுபோய் வைக்கலாமா என்ற கேள்வி இங்கே இயல்பாக எழும். மொரீஷியஸில் இது வேறொரு விலங்கில் செய்து பார்க்கப்பட்டுள்ளது. அழிந்துபோன உள்ளூர்ப் பேராமைகளுக்குப் பதிலாக, கரையோரத்துச் சிறு தீவான ஈல் ஓ ஸெக்ரெத்தில் 2000-ஆம் ஆண்டு முதல் அல்டாப்ராப் பேராமைகள் விடப்பட்டன. அவை உள்ளூர்க் கருங்காலிப் பழங்களைத் தின்று விதைகளைப் பரப்பி வருகின்றன. அதே வழியில் ஒரு நீலப்புறாவைக் கொண்டுவந்தால், பரப்புவாரின்றி நிற்கும் பெரிய விதை மரங்களுக்கு உதவி கிடைக்குமே என்று தோன்றும். ஆமைக்கு வேலியிட்டுக் காக்கலாம். பறவை வேலிக்குள் நிற்காது. அது விரும்பிப் போகும் மலைக்காடுகளில் குரங்குகள் இன்னும் இருக்கின்றன. இன்னொரு சிக்கல் அந்தத் தசைப்பையில் இருக்கிறது. கொட்டையை முழுதாக வெளியேற்றும் புறா காட்டை வளர்க்கும். அரைத்துவிடும் புறா காட்டைத் தின்னும். கொண்டுவர நினைக்கும் இனம் இவ்விரண்டில் எது என்பதை, மொரீஷியஸின் அந்தந்த மரத்து விதைகளையே கொடுத்து முதலில் சோதித்தாக வேண்டும். 24 சென்டிமீட்டர் சேஷெல்ஸ் புறாவின் வாய்க்குள், கொசிஞி கண்ட அளவுள்ள கொட்டைகள் நுழையுமா என்பது அதற்கும் முந்தைய கேள்வி.